தரைக்கு நமஸ்காரம்

ஏழு சக்கரம்.

திருவிதாங்கூர்ச் செப்புக்காசில், குலசேகரன் ஞானசிங்குக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். மரச்சீனிக் கிழங்குக்கும் சுக்குக் காப்பிக்கும் உண்டான பாக்கி. அதைக் குலசேகரன் கொடுத்துத் தீர்த்தான். எப்போது தீர்த்தான் என்பதுதான் இந்தக் கதை. கதை என்று வாய்தவறி வருகிறது. நடந்தது இது. ஞானசிங் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. ஆயுசில் ஒரே ஒரு பொய்தான் சொன்னான். அதுவும் இதில் வரும்.

கொல்லம் ஆண்டு 1113, ஐப்பசி மாதம். கடியப்பட்டணத்துக்கு மேலே, செம்மண் மேட்டில், விமானம் இறங்குவதற்கு ஒரு தரை போட்டிருந்தார்கள். வாரம் ஒருதரம் தபால் விமானம் வரும். அதை ஓட்டி வருகிற வெள்ளைக்காரனுக்கு மெயில் துரை என்று பெயர். அன்றும் மற்ற நாட்களிலும் பறக்கப் படிக்கிற பையன்கள் சின்ன விமானங்களில் வந்து இறங்கி ஏறிப் பழகுவார்கள்.

தரையின் ஓரத்தில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அதற்குள் வயர்லெஸ் பெட்டி. ஆகாயத்தில் இருப்பவன் பேசினால் அதில் கேட்கும். அப்படிக் கேட்பதற்கு உள்ளேயே பேட்டரி உண்டு. ஆனால் தரையிலிருந்து பேச்சு மேலே போகவேண்டுமானால் ஒருவன் முக்காலியில் உட்கார்ந்து டைனமோவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கை நின்றால் பேச்சும் நின்றுபோகும்.

சுற்றுகிறவன் ஞானசிங். இரணியல் பக்கத்து ஆள். அதற்கு முன்னால் பாறை உடைத்தான், பாரவண்டி தள்ளினான். நாற்பது வயதுக்குமேல் மிஷன் கோவில் ராப்பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தான். பேசுகிறவர் ஆப்பரேட்டர் தாணுலிங்கம்.

பேச்சுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் சொல்லவேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். முதலில் சொன்னவர் 'ஆமா' என்று முடிக்கவேண்டும். இந்த மூன்றும் ஆகாமல் யாரும் இறங்கக்கூடாது. முன்னால் இறங்கிய விமானம் தரையில் உருண்டுகொண்டிருக்கும். மழை மூட்டத்தில் மேலே இருப்பவனுக்கு அது தெரியாது.

மெயில் துரை முறையெல்லாம் பார்க்கமாட்டான். இரண்டு வார்த்தை குரைப்பான், இறங்கிவிடுவான். குலசேகரன் அப்படி இல்லை. தேரூர் வெள்ளாளர் வீட்டுப் பையன். ஒற்றைக்கு ஒரு பிள்ளை. ஆகாயத்திலிருந்து அவன் கூப்பிடும்போதே தெரியும்.

"தரைக்கு நமஸ்காரம். நான் குலசேகரன். தயவுசெய்து சொல்லுங்க, எறங்கட்டா?"

தாணுலிங்கம் சிரிப்பார். "ஓய் ஞானசிங், இவன் மேல நின்னுக்கிட்டே கும்பிடுவான் போலிருக்கே. ரெண்டு கையையும் விட்டுராம இருந்தாச் சரி."

இறங்கியதும் பையன் நேரே கொட்டகைக்கு வருவான். ஞானசிங்கின் பெண்டாட்டி ராகேல் கொடுத்துவிட்ட கிழங்கைக் காந்தாரி மிளகாயில் தொட்டுத் தின்பான். ஞானசிங்கை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவான். வெள்ளாளப் பிள்ளை ஒருவன் அப்படிக் கூப்பிட்டு ஞானசிங் அதற்குமுன் கேட்டதில்லை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தக் குரலுக்குக் காது காத்திருக்க ஆரம்பித்தது.

காசை மட்டும் உடனே தரமாட்டான். "பாக்கி கெடக்கட்டும் அண்ணாச்சி. கடன் வச்சிட்டுப் போனாத்தான் திரும்பி வருவேன்."

அந்த வியாழக்கிழமை காலையில் பறக்கப்போகும்முன் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் காட்டினான். கைக்குட்டை முனையில் ஒரு முடிச்சு.

"ஏழு சக்கரம். அம்மைதான் முடிஞ்சு தந்தா. கிழங்கு தந்தவனுக்குக் கடன் வைக்கியான்னு ஏசினா. எறங்கினதும் தாறேன்."

"இப்பவே தந்தா கை நோவுமோ தம்பி?"

"எறங்கினதும்," என்று சிரித்தான். லேஞ்சியைத் தோல்சட்டையின் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே கறுத்துவிட்டது. மெயில் துரை முதலில் இறங்கினான். அவன் விமானத்தைத் தள்ளி ஓரங்கட்டினார்கள். நாலு பத்துக்குக் குலசேகரன் கூப்பிட்டான்.

"தரைக்கு நமஸ்காரம். எனக்கு ஒண்ணும் தெரியல்ல. மெயில் தரையில நிக்குதா? நான் எறங்கட்டா?"

தாணுலிங்கம் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜாடை காட்டினார். ஞானசிங் சுற்றத் தொடங்கினான். தாணுலிங்கம் பேசும் குழாயில் வாய்வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

தரையைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரி. தொப்பி, பிரம்பு, பின்னால் குடை பிடிக்கிறவன்.

ஞானசிங் எழுந்துவிட்டான். யோசித்து எழவில்லை. அதிகாரி வந்தால் எழவேண்டும், தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்கவேண்டும். ஐந்து வயதிலிருந்து உடம்புக்குப் பழகியது. கை தானாகக் கைப்பிடியை விட்டது. தோர்த்தைத் தேடியது.

கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த தாணுலிங்கம் சொல்லவேண்டியதை முழுவதும் சொல்லிமுடித்தார். "மெயில் ஓரமாப் போயாச்சு. எறங்கலாம்." பிறகுதான் திரும்பினார். அதிகாரியைக் கண்டார். காதுக்கருவியை மேசையில் போட்டுவிட்டு அவரும் எழுந்தார்.

"வெளியே வாரும்," என்றார் அதிகாரி. "புல் வெட்டியிருக்கிற லட்சணத்தைக் காட்டித்தாறேன்."

இரண்டு பேரும் தாழ்வாரத்துக்குப் போனார்கள்.

ஞானசிங் மட்டும் உள்ளே. கக்கத்தில் தோர்த்து. மேசைமேல் கிடந்த கருவியிலிருந்து, தகர டப்பாவுக்குள் வண்டு அடைபட்டதுபோலச் சின்னதாக ஒரு குரல்.

"கேக்கல்ல. தயவுசெய்து மறுபடி சொல்லுங்க."

ஞானசிங்குக்குப் புரிந்தது. பேச்சு போகவில்லை. தன் கை நின்றதனால் போகவில்லை.

கூப்பிடலாம். 'சாரே' என்று ஒரு சத்தம் போட்டால் தாணுலிங்கம் ஓடிவருவார். ஆனால் தாழ்வாரத்தில் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். அதிகாரி பேசும்போது கூலிக்காரன் நடுவில் சத்தம் போடுவதா? முடியட்டும். ஒரு மூச்சு முடியட்டும்.

"மறுபடி சொல்லுங்க. நீங்க 'ஆமா' சொன்னாத்தான் எறங்குவேன். மெயில்காரருக்கு எடைஞ்சல் ஆயிரக்கூடாது. கடல்மேல ஒரு சுத்து சுத்திட்டு வாறேன்."

அதிகாரி புல்லைப் பற்றிப் பேசினார். பிறகு வாய்க்காலைப் பற்றிப் பேசினார்.

"தரை... மறுபடி சொல்லுங்க..."

எஞ்சின் சத்தம் தெற்கே நகர்ந்தது. மழை சுவர்போல வந்தது. தாணுலிங்கம் உள்ளே வந்து கருவியைக் காதில் வைத்தபோது அதில் ஒரு சத்தமும் இல்லை.

விமானமும் கிடைக்கவில்லை. ஆளும் கிடைக்கவில்லை.

பத்தாம்நாள் விசாரணை. அதே அதிகாரிதான் நாற்காலியில் இருந்தார்.

"நான் உள்ளே வந்தபோதும் சுற்றிக்கொண்டுதானே இருந்தாய்?"

அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. ஞானசிங் தாணுலிங்கத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"ஆமா ஏமானே."

அதுதான் அந்த ஒரு பொய்.

உத்தரவு கிடைத்தும் கேட்காமல் தன்னிஷ்டத்துக்குக் கடல்மேல் போன மாணவன் என்று எழுதி முடித்தார்கள். பறக்கும் பள்ளிக்கூடத்தில் குலசேகரன் பெயரை அடித்தார்கள். தேரூரில் அவன் அப்பா ஆறுமுகப்பெருமாள், மகனின் போட்டோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார் என்று பேச்சு வந்தது. சொன்ன சொல் கேளாத பிள்ளை என்று ஊரார் முகத்துக்கு நேரே கேட்டார்களாம்.

தரையை மூடினார்கள். தாணுலிங்கத்தைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். கொட்டகைக்குக் காவல் ஞானசிங்.

கார்த்திகை பிறந்தது. முதல் வாரம் ஞானசிங் காய்ச்சலில் வீட்டிலேயே கிடந்தான்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. ஆணியில் மாட்டிவிட்டுப் போன காதுக்கருவி மறுநாள் மேசைமேல் கிடந்தது. எலி என்று நினைத்தான். திரும்ப மாட்டினான். அடுத்த நாளும் மேசையில்தான் கிடந்தது. எலி அதை இவ்வளவு நேராக எடுத்து வைக்குமா?

ஒருநாள் டைனமோ கைப்பிடி நனைந்திருந்தது. கூரையைப் பார்த்தான். ஒழுகவில்லை. விரலை நாக்கில் வைத்தான்.

உப்பு.

வீட்டில் ராகேல் கேட்டாள். "என்ன, ஒறக்கத்துல வலதுகையைச் சுத்திக்கிட்டே கெடக்கீரு? மாவா ஆட்டுதீரு?"

அன்றுமுதல் வலதுகையை உடம்புக்கு அடியில் போட்டுத் தூங்கினான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை.

பகல்தான். ஆனால் மழை மூடி வெளிச்சம் செத்துக் கிடந்தது. கடலோரம் ஒரு காக்காய்கூட இல்லை. ஞானசிங் கொட்டகைக்குள் முக்காலியில் குந்தியிருந்தான். சுவரில் கடிகாரம் இருந்தது. நாலு பத்து.

ம்ம்ம்ம்ம்ம்...

தேனீ என்று நினைத்தான்.

ம்ம்ம்ம்ம்ம்...

தெற்கேயிருந்து வந்தது. கடல் பக்கமிருந்து. மேலே ஒரு சுற்று சுற்றியது. மறுபடியும் ஒரு சுற்று. ஞானசிங் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தான். மழையைத் தவிர ஒன்றுமில்லை. சத்தம் மட்டும் தலைக்குமேல் வட்டம்போட்டது.

திரும்பினான்.

காதுக்கருவி மேசைமேல் இருந்தது. இப்போதுதான் ஆணியில் பார்த்தான்...

"தரைக்கு நமஸ்காரம்."

ஞானசிங் சுவரோடு ஒட்டினான்.

"நான் குலசேகரன். கேக்கல்ல. தயவுசெய்து மறுபடி சொல்லுங்க."

அதே குரல். அதே பணிவு. கோபம் இல்லை. ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் ஓடியிருப்பான்.

காதைப் பொத்தினான்.

பொத்திய கைக்குள்ளேயும் கேட்டது.

"மறுபடி சொல்லுங்க..."

வாசல்வரை ஓடினான். கதவைப் பிடித்தான். தாழ்வாரத்தில் யாரோ நிற்பதுபோல இருந்தது. தொப்பி. பிரம்பு. கண்ணைக் கசக்கிப் பார்த்தான்... தூணும், அதில் மாட்டியிருந்த ஓலைக்குடையும்.

யாரும் இல்லை. இன்றைக்கு யாருக்காகவும் எழுந்து நிற்கவேண்டாம்.

"ரொம்ப நேரமாச் சுத்துதேன். கை குளிருது."

அதைக் கேட்டதும் ஞானசிங் திரும்பி வந்தான்.

முக்காலியை இழுத்தான்.

கைப்பிடியைப் பிடித்தான். பனிக்கட்டிபோலக் குளிர்ந்தது.

சுற்றினான்.

டர்ர்ர்... டர்ர்ர்... டர்ர்ர்...

வலதுகையால் சுற்றிக்கொண்டே இடதுகையால் குழாயை இழுத்தான். இதற்குமுன் அதைத் தொட்டதில்லை.

"தம்பி... மெயில் ஓரமாப் போயாச்சு. எறங்கலாம்."

சத்தம் நின்றது.

மழைகூட நின்றதுபோல இருந்தது.

"மெயில் ஓரமாப் போயாச்சு. நான் எறங்கலாம். சரிதானா அண்ணாச்சி?"

"ஆமா," என்றான் ஞானசிங். அழுகை வந்தது. "ஆமா தம்பி. ஆமா."

"வந்தனம்."

எஞ்சின் இறங்கியது. அருகே... இன்னும் அருகே... ஓலைக்கூரை தடதடத்தது. ஈரத்தரையில் சக்கரம் உருளும் சத்தம். உருண்டு... உருண்டு... கொட்டகை வாசலுக்கு வந்து...

நின்றது.

ஞானசிங் கண்ணை மூடிக்கொண்டான்.

கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நனைந்த பாதரட்சையின் சத்தம். சளக்... சளக்...

முக்காலிக்குப் பக்கத்தில்.

தோல்சட்டை நனைந்த வாடை. கடல் வாடை.

மேசையில்...

டக்.

டக்.

டக்...

ஏழுதரம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கடிகாரத்தில் நாலரை. மேசைமேல் ஏழு செம்புச் சக்கரம். நனைந்திருந்தன. வெளியே செம்மண் தரையில் விமானத்தின் இரண்டு சக்கரத் தடம். நடுத்தரையில் தொடங்கிக் கொட்டகை வாசலில் முடிந்தது. வந்த தடம் மட்டும்தான். போன தடம் இல்லை.

மறுநாள் காலையில் தாணுலிங்கம் ஒரு மாட்டுவண்டியோடு வந்தார். மிச்சமிருக்கிற சாமான்களைத் திருவனந்தபுரம் கொண்டுபோக உத்தரவு. மேசையடியில் கித்தான் போர்த்தியிருந்த பெட்டியைக் காட்டி ஞானசிங் கேட்டான்.

"சாரே, இதுல பேட்டரி இன்னும் இருக்குதா?"

"பேட்டரியா? பெட்டியே இல்லையே ஓய்." தாணுலிங்கம் கித்தானை இழுத்தார். "நீரு ஒரு வாரம் காய்ச்சலாக் கெடந்தீரே, அந்த ஆழ்ச்சையில ஆள் வந்து உள்ள உள்ளதையெல்லாம் கழட்டிக்கொண்டு போயாச்சு. பாரும்."

வெறும் மரக்கூடு. உள்ளே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. டைனமோவின் கம்பி அறுத்துவிட்ட நுனியோடு தரையில் கிடந்தது.

"என்னவோய், மொகம் வெளுத்துப் போச்சு?"

ஞானசிங் அன்று நடந்ததை முதன்முதலாகச் சொன்னான். அதிகாரி வந்ததை. கை நின்றதை. குரல் கூப்பிட்டதை. தாணுலிங்கம் கித்தானை இழுத்து மரக்கூட்டை மறுபடி மூடினார்.

"நான் சொன்னது போகவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"போகல்ல சாரே."

"நானும் ஒருதரம் திருப்பிக் கேட்டிருக்கணும். அவன் 'ஆமா'வுக்கு நிப்பான்னு எனக்குத் தெரியும்." வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீரு தேரூருக்குப் போய்ச் சொல்லும். நானும் சொல்லவேண்டிய எடத்துல சொல்லுதேன்."

நடுப்பகல் உச்சைக்குத் தேரூர் போய்ச் சேர்ந்தான். வீட்டு முற்றத்தில் நின்றான். குலசேகரனின் அம்மா வடிவாம்பாள் வெளியே வந்தாள். பின்னால் ஆறுமுகப்பெருமாள். உள்ளே சுவரில் முதுகைக் காட்டித் தொங்கும் ஒரு போட்டோ தெரிந்தது.

ஞானசிங் எல்லாவற்றையும் சொன்னான். தோர்த்தைக் கக்கத்தில் வைத்திருந்ததையும் சொன்னான். விசாரணையில் சொன்ன பொய்யையும் சொன்னான். கடைசியில் ஏழு சக்கரத்தையும் படிமேல் வைத்தான்.

"எம்பிள்ளை சொன்ன சொல்லு கேக்காதவன் இல்ல," என்றார் ஆறுமுகப்பெருமாள். உள்ளே போனார். போட்டோவைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

வடிவாம்பாள் நாணயங்களைப் பார்த்தபடி நின்றாள்.

"அண்ணாச்சின்னு சொல்லுவானே, அது நீதானா?"

"ஆமா தாயே."

அவள் உள்ளே போய் ஒரு லேஞ்சியைக் கொண்டுவந்தாள். உப்புப் பூத்து விறைத்திருந்தது. முனையில் முடிச்சு.

"கடியப்பட்டணத்துச் சூசை வலையில அவன் தோல்சட்டை வந்துது. போன ஞாயித்துக்கிழமை கொண்டு தந்தான். பையில பொத்தான் போட்டபடிக்கு இது இருந்துது. நான் முடிஞ்ச முடிச்சு. அவுக்க எனக்கு மனசு வரல்ல. தெனமும் மேல தடவி எண்ணிப் பாப்பேன். நேத்து உச்சைக்கும் எண்ணினேன். ஏழும் இருந்துது."

சொல்லிக்கொண்டே விரலால் முடிச்சைத் தடவினாள்.

விரல் நின்றது.

மறுபடி தடவினாள். முடிச்சை ஞானசிங்கின் பக்கம் நீட்டினாள். இறுகி, உப்பேறி, ஒருவரும் அவிழ்க்காத முடிச்சு.

உள்ளே ஒன்றுமில்லை.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அவன்கிட்ட நீ என்ன சொன்ன?"

"எறங்கலாம்னு சொன்னேன் தாயே."

"மறுபடி சொல்லு."

"எறங்கலாம்னு சொன்னேன்."

"எறங்கலாம்னு சொன்ன," என்றாள் அவள்.

"ஆமா தாயே."

அவள் தலையை ஆட்டினாள். ஆறுமுகப்பெருமாள் மேல்துண்டோடு வெளியே வந்தார். "நாளைக்குக் காலையில என்கூடச் சர்க்கார் கச்சேரிக்கு வரணும். இதையே அங்கயும் சொல்லணும். ஒனக்கு வேலை போயிரும்."

"வாறேன் ஏமானே. போகட்டு."

புறப்படும்போது வடிவாம்பாள் படியிலிருந்த காசைக் காட்டினாள்.

"எடுத்துக்கோ."

"வேண்டாம் தாயே. எனக்கு அது..."

"அவன் ஒனக்குத் தரணும்னுதான் முடிஞ்சு குடுத்தேன். தந்துட்டான். நீ எடுக்காமப் போனா, பாக்கி கெடக்குன்னு அவன் மறுபடியும் அந்தக் கடலுக்குமேல வந்து நிப்பான்."

ஞானசிங் குனிந்து ஏழையும் எண்ணி எடுத்து மடியில் முடிந்தான்.

அன்று மழை இல்லை. நல்ல வெயில். தேரூரிலிருந்து இரணியல்வரை நடந்தான். வீட்டுப் படியேறும்போதும் மடி ஈரமாகத்தான் இருந்தது.